கடைக்காரருக்கா, விற்பனையாளருக்கா, வாடிக்கையாளருக்கா: ஊக்கப் பரிசை எங்கே வைப்பது?

உங்கள் கேள்வியின் சாரம் இது: கோபிசெட்டிபாளையத்தை ஒட்டி மசாலாப் பொடி தயாரிக்கும் சிறு நிறுவனம் நடத்துகிறீர்கள். ஈரோடு மாவட்டத்தில் சுமார் 400 மளிகைக் கடைகளுக்கு உங்கள் சரக்கு போகிறது. மூன்று விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். இரண்டு ஆண்டுகளாக விற்பனை ஒரே அளவில் நிற்கிறது. பரிசு, சலுகை ஆகியவற்றுக்காக மூன்று மாதங்களுக்கு 60,000 ரூபாய் ஒதுக்க முடியும். அந்தப் பணத்தைக் கடைக்காரருக்கு ஸ்கீமாகக் கொடுப்பதா, விற்பனையாளருக்கு இன்சென்டிவாகக் கொடுப்பதா, வாங்குபவருக்கு இலவசப் பொருளாகக் கொடுப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நுகர்பொருள் விநியோகத்தில் 20 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் என்ற முறையில், ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பரிசு எந்தச் செயலோடு கட்டப்படுகிறதோ அந்தச் செயலை மட்டுமே அது கூட்டும். கடைக்காரர் சரக்கு எடுப்பதற்குப் பரிசு வைத்தால் அவர் சரக்கு எடுப்பது கூடும். அந்தச் சரக்கு அடுப்புக்குப் போவது அதனால் கூடிவிடாது. ஆகவே யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுப்பதற்கு முன், உங்கள் பொடி எந்த இடத்தில் தடைபட்டு நிற்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்குப் பெரிய ஆய்வு எதுவும் தேவையில்லை. நீங்களே நான்கைந்து மாலைகளில் 40 கடைகளுக்குப் போய், ஒவ்வொரு கடையிலும் பத்து நிமிடம் நின்று பாருங்கள். சில கடைகளில் உங்கள் பொடியே இருக்காது. சில கடைகளில் இருக்கும், ஆனால் அரிசி மூட்டைக்குப் பின்னால் அட்டைப்பெட்டியிலேயே கிடக்கும். சில கடைகளில் முன்னால் தொங்கும், ஆனால் வருபவர்கள் வேறொரு பெயரைச் சொல்லிக் கேட்பார்கள். இன்னும் சில கடைகளில், ஒரு முறை வாங்கியவர் மறுமுறை கேட்பதில்லை என்று கடைக்காரரே சொல்வார். முதல் தடை விற்பனையாளர் சம்பந்தப்பட்டது, இரண்டாவது கடைக்காரர் சம்பந்தப்பட்டது, மூன்றாவது வாங்குபவர் சம்பந்தப்பட்டது. நான்காவது உங்கள் வறுபதத்தையும் அரவையையும் சம்பந்தப்பட்டது. அதற்குப் பரிசு மருந்தாகாது. ருசி பிடிக்காதவருக்குக் கரண்டியை இலவசமாகக் கொடுத்தால் கரண்டியை வைத்துக்கொண்டு பொடியை ஒதுக்கிவிடுவார்.

கடைக்காரர் ஸ்கீமைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. சிறு தயாரிப்பாளர்களின் பணம் பெரும்பாலும் கரைந்துபோவது அங்கேதான். எல்லோரும் செய்வது ‘பத்துக்கு ஒன்று’, அதாவது பத்துப் பாக்கெட் எடுத்தால் ஒன்று இலவசம். அதன் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உங்கள் சின்னப் பாக்கெட்டின் எம்.ஆர்.பி. 10 ரூபாய், கடைக்குக் கொடுக்கும் விலை 8 ரூபாய், மூலப்பொருள், உறை, வண்டிச் செலவு எல்லாம் சேர்த்து அடக்கம் 6 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 11 பாக்கெட்டை முழு விலைக்கு விற்றால் உங்களுக்கு நிற்பது 22 ரூபாய். பத்துக்கு ஒன்று கொடுத்தால் வரவு 80 ரூபாய், அடக்கம் 66 ரூபாய், நிற்பது 14 ரூபாய்தான். பழைய லாபத்தையே எடுக்க வேண்டுமானால், 100 சரம் (வரிசையாகச் சேர்ந்து தொங்கும் பாக்கெட்டுகள்) போன இடத்தில் 157 சரம் போக வேண்டும். விற்பனை பாதிக்கு மேல் கூடினால்தான் நீங்கள் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்கிறீர்கள். ‘ஒன்றுதானே இலவசம்’ என்று தொடங்கும் பலர் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை.

அப்படிக் கூடிய 57 சரம் எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. நான் ஏரியா மேலாளராக இருந்த காலத்தில், மார்ச் மாதக் கடைசி நாள் ஒன்றில், ஒரு மளிகைக் கடையின் பின்கட்டுக்குள் எட்டிப் பார்க்க நேர்ந்தது. எண்ணெய் டின்களுக்கும் சுவருக்கும் நடுவே எங்கள் நிறுவனத்தின் பெட்டிகள் தோள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. மேல் பெட்டியில் அந்த வார பேட்ச் எண் இருந்தது. கீழ்ப் பெட்டியை இழுத்துப் பார்த்தபோது அதில் இருந்தது முந்தைய நவம்பர் மாதத்துப் பேட்ச். கடைக்காரர் ஒவ்வொரு ஸ்கீமுக்கும் மூன்று மாதச் சரக்கை எடுத்து அடுக்கிவிட்டு, ஸ்கீம் இல்லாத மாதங்களில் ஆர்டரே கொடுக்காமல் இருந்திருக்கிறார். அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. நாங்கள் எதற்குக் காசு கொடுத்தோமோ அதைத்தான் அவர் செய்தார். அவருடைய வாடிக்கையாளர்கள் எப்போதும்போல வாரத்துக்கு ஒரு பாக்கெட்தான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். நாங்களோ எங்கள் அலுவலகத்தில் மார்ச் மாத விற்பனையைப் பார்த்து மகிழ்ந்திருந்தோம்.

இது பெரிய நிறுவனங்களுக்கும் நடந்ததுதான். குழந்தைகளுக்கான டயப்பர் விற்கும் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம், ஒரு வினோதத்தைக் கவனித்தது. குழந்தைகள் டயப்பரை நனைப்பது மாதத்துக்கு மாதம் மாறுவதில்லை. கடைகளில் விற்பனையும் ஏறக்குறைய சீராகவே இருந்தது. ஆனால் விநியோகஸ்தர்களிடமிருந்து வரும் ஆர்டர் மட்டும் மலையும் பள்ளமுமாக இருந்தது. விநியோகச் சங்கிலியில் மேலே போகப்போக ஏற்ற இறக்கம் பெருகும் இந்தப் போக்கைச் சாட்டையின் வீச்சுக்கு ஒப்பிடுவார்கள்: பிடியில் சிறு அசைவு, நுனியில் பெரும் வீச்சு. அவ்வப்போது வந்துபோகும் விலைச் சலுகைகள் இதன் முக்கியக் காரணங்களில் ஒன்று என்று 1997-ல் வெளியான ஆய்வு ஒன்று விளக்கியது. 1990-களின் தொடக்கத்திலேயே அந்த நிறுவனம் அமெரிக்காவில் வியாபாரிகளுக்குக் கொடுத்துவந்த சலுகைகளைப் பெருமளவு குறைத்து, எப்போதும் ஒரே குறைந்த விலை என்ற முறைக்கு மாறியது. உங்களைப் போன்ற சிறு தயாரிப்பாளருக்கு இந்தச் சாட்டையடி இன்னும் வலிக்கும். ஸ்கீம் மாதத்தில் மிளகாயும் மல்லியும் அவசரமாக, கூடுதல் விலைக்கு வாங்குவீர்கள்; ஓவர்டைம் போட்டு அரைப்பீர்கள்; அடுத்த மாதம் மில் சும்மா நிற்கும். பொடியின் வாசமும் காலத்தோடு குறையும் என்பதால், பின்கட்டில் ஐந்து மாதம் கிடந்த பாக்கெட்டை வாங்கிய வீட்டில் உங்கள் பெயர் கெட்டுவிடும்.

மொத்தக் கடைகள் மூலமாக வரும் இன்னொரு சேதமும் உண்டு. ஸ்கீமில் வரும் இலவசப் பாக்கெட்டை ஹோல்சேல்காரர் தன் லாபமாக வைத்துக்கொள்வது அபூர்வம். விலையைக் குறைத்து வெளியே தள்ளிவிடுவார். உங்கள் விற்பனையாளர் 8 ரூபாய்க்குக் கொடுக்கும் பாக்கெட்டைக் கடைக்காரர் 7.50-க்கு மொத்தக் கடையில் எடுத்துக்கொள்வார். பிறகு உங்கள் ஆளுக்கு அந்தக் கடையில் ஆர்டர் கிடைக்காது. ஸ்கீம் இல்லாத நாளில் 8 ரூபாய் என்று சொன்னால் விலையை ஏற்றிவிட்டதாகச் சண்டை வரும். ஒரு முறை இறங்கிய விலையை மறுபடி ஏற்றுவது மிகக் கடினம்.

அப்படியானால் கடைக்காரருக்கு எதுவுமே கொடுக்க வேண்டாமா என்றால், கொடுக்க வேண்டும். எடுப்பதற்குக் கொடுக்காமல், விற்கத் துணைசெய்யும் செயலுக்குக் கொடுக்க வேண்டும். மளிகைக் கடையில் மிக விலையுயர்ந்த இடம் எது என்று கேட்டால், கல்லாப்பெட்டிக்கு மேலே, வருபவரின் கண் மட்டத்தில் இருக்கும் அந்த ஆணியைத்தான் சொல்வேன். அதில் தொங்கும் சரம்தான் கேட்காமலே விற்கும். அந்த ஆணியில் உங்கள் சரம் நான்கு வாரமும் தொங்கினால் மாதக் கடைசியில் 50 ரூபாய் என்று பேசிக்கொள்ளுங்கள். விற்பனையாளர் ஒவ்வொரு வாரமும் போகும்போது செல்பேசியில் ஒரு படம் எடுக்கட்டும். நான்கு படம் இருந்தால் பணம், மூன்று இருந்தால் இல்லை என்பதில் கறாராக இருங்கள். இரண்டாவதாக, ஒரே மாதத்தில் 20 சரம் எடுப்பவரைவிட, வாரம் இரண்டு சரம் வீதம் தொடர்ந்து எட்டு வாரம் எடுப்பவருக்கு அதிகம் கொடுங்கள். வாரந்தோறும் ஆர்டர் வருகிறது என்றால் சரக்கு உண்மையிலேயே நகர்கிறது என்று பொருள்.

இனி, நான் பார்த்தவற்றுள் மிகச் சிறப்பாக வேலை செய்யும் ஒரு முறையைச் சொல்கிறேன். நம் ஊரில் பெயிண்ட் வாளியைத் திறந்தால் உள்ளே ஒரு டோக்கன் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது வீட்டுக்காரருக்கு உரியதன்று, பெயிண்டருக்கு உரியது. எந்தக் கம்பெனி பெயிண்ட் வாங்குவது என்பதைப் பெரும்பாலான வீடுகளில் பெயிண்டர்தான் முடிவு செய்கிறார். பணம் கொடுப்பது மட்டும்தான் வீட்டுக்காரர். தொழிலில் இருப்பவர்கள் இதைப் புரிந்துகொண்டு, முடிவெடுப்பவரின் கையில் பரிசு சேரும்படி செய்தார்கள். அதைவிட நுட்பமான இன்னொன்றும் அதில் இருக்கிறது. வாளியைத் திறந்தால்தான் டோக்கன் கிடைக்கும். கடையில் அடுக்கிவைத்த வாளியால் யாருக்கும் ஒரு காசு கிடைக்காது. சுவருக்குப் போகும் வாளிக்கு மட்டுமே பரிசு. சரக்கைத் தேக்கிவைப்பதற்கும் பயன்படுத்துவதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த மூடி கச்சிதமாகப் பிரித்துவிடுகிறது. இப்போது பல நிறுவனங்கள் டோக்கனுக்குப் பதில் க்யூ.ஆர். குறியீட்டை வைக்கின்றன, பிளம்பர், எலக்ட்ரீஷியன் போன்றவர்களுக்கும் இதே முறை வந்துவிட்டது. யார், எந்த ஊரில், எத்தனை வாளி திறந்தார் என்ற தகவலும் அதனால் நிறுவனத்துக்குக் கிடைக்கிறது.

உங்கள் தொழிலில் அந்தப் பெயிண்டரின் இடத்தில் இருப்பவர் யார்? கல்யாணச் சமையல்காரர்தான். முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் முன்பு அவர் எழுதிக் கொடுக்கும் மளிகைப் பட்டியலைப் பாருங்கள். துவரம்பருப்புக்கு எதிரே கிலோ மட்டும் இருக்கும். மிளகாய்த்தூள், சாம்பார் பொடி, கரம் மசாலாவுக்கு எதிரே மட்டும் கம்பெனிப் பெயரும் சேர்த்து எழுதியிருப்பார். பெண் வீட்டாரோ மாப்பிள்ளை வீட்டாரோ அந்தப் பெயரை மாற்றத் துணிவதில்லை, பிறகு ருசி சரியில்லை என்றால் பழி தங்கள் மேல் வரும் என்ற பயம். ஒரு பட்டியலில் உங்கள் பெயர் ஏறினால், ஒரு தெருவே ஒரு மாதம் வாங்கும் அளவு ஒரே நாளில் போகும். அதோடு 500 பேர் அன்று உங்கள் ருசியைச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். ஆகவே உங்கள் ஒரு கிலோ பாக்கெட்டுக்கு மட்டும் ஒரு டோக்கன் முறை வையுங்கள். வெட்டித் திறந்தால்தான் எடுக்க முடிகிறபடி, உள் உறையின் மடிப்பில் அச்சிட்ட குறியீடாக அது இருக்கட்டும். பொடியோடு சேர்த்துத் தனித் துண்டாக எதையும் போடாதீர்கள். சாப்பிடும் பொருளுக்குள் வேறு பொருள் கலக்கும் அபாயம் பெரியது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் இன்னும் பெரியது.

இங்கே ஓர் எச்சரிக்கையை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். அடுத்தவர் பணத்தில் முடிவெடுப்பவருக்குப் பரிசு கொடுப்பது கத்தி மேல் நடப்பது. சமையல்காரர் உங்கள் பொடி நன்றாக இருப்பதால் எழுதி, கூடவே ஒரு சிறு பரிசையும் பெற்றால் யாருக்கும் நஷ்டமில்லை. பரிசுக்காகவே மோசமான பொடியை எழுதினால் அது கல்யாண வீட்டாருக்குச் செய்யும் துரோகம், நீங்கள் அதில் பங்காளி. ஹோட்டலில் சம்பளத்துக்கு வேலை செய்யும் மாஸ்டருக்கு முதலாளி அறியாமல் பணம் கொடுத்தால் அதன் பெயர் லஞ்சம்தான். என் விதி எளிமையானது: பணம் செலுத்துபவர் எதிரே உரக்கச் சொல்ல முடியாத பரிசைக் கொடுக்காதீர்கள். சில துறைகளில் இந்தக் கோட்டைச் சட்டமே போட்டிருக்கிறது. தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கும் பால்பொடி பற்றிய 1992-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், தாய்மாருக்கு இலவச மாதிரியோ பரிசோ கொடுப்பதைத் தடை செய்ததோடு நிற்கவில்லை. விற்ற அளவைப் பொறுத்து ஊழியர்களுக்குக் கமிஷன் கொடுப்பதையும் தடை செய்தது. கமிஷன் மனிதரை எவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு போகும் என்று உணர்ந்தவர்கள் எழுதிய விதி அது. மருந்து நிறுவனங்கள் டாக்டர்களுக்குக் கொடுக்கும் இலவசங்களைத் தொழில் செலவாகக் கணக்குக் காட்ட முடியாது என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

விற்பனையாளர் இன்சென்டிவுக்கு வருகிறேன். மூன்று பேருக்கும் மாத டார்கெட் வைத்து, அதைத் தாண்டினால் 3,000 ரூபாய் என்று அறிவிப்பது வழக்கம். இப்படி ஒரே கோடு போட்டு வைத்தால் மூன்று விதமான நடத்தை வரும். 25-ஆம் தேதி கோட்டுக்கு அருகில் இருப்பவர், தெரிந்த கடையில் சரக்கைத் திணித்து, ‘அடுத்த வாரம் ரிட்டர்ன் எடுத்துக்கொள்கிறேன்’ என்று சொல்லிவிட்டு வருவார். கோட்டைத் தாண்டியவர், மிச்ச ஆர்டரை அடுத்த மாதத்துக்கு மடக்கி வைப்பார். எட்டவே முடியாது என்று தெரிந்தவர் கையைக் கட்டிக்கொள்வார். இயன் லார்க்கின் என்ற ஆய்வாளர் 2014-ல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், அமெரிக்க மென்பொருள் நிறுவனம் ஒன்றின் விற்பனைக் கணக்கைப் புரட்டிப் பார்த்தார். காலாண்டுக்குள் எவ்வளவு அதிகம் விற்கிறார்களோ அந்த அளவுக்குக் கமிஷன் விகிதமும் ஏறும் முறை அங்கே இருந்தது. விற்பனையாளர்கள் தமக்கு இலாபமான காலாண்டுக்குள் வியாபாரத்தை முடிப்பதற்காக வாடிக்கையாளருக்குத் தேவைக்கு மேல் தள்ளுபடி கொடுத்திருந்தார்கள். அதனால் நிறுவனத்துக்கு ஏற்பட்ட இழப்பு வருவாயில் 6 முதல் 8 சதவீதம்.

அதைவிடக் கொடிய உதாரணம் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி. ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுச் சேவைகளை விற்க வேண்டும் என்ற இலக்கை ஊழியர் மேல் சுமத்தினார்கள். எட்ட முடியாத ஊழியர்கள், வாடிக்கையாளருக்கே தெரியாமல் அவர் பெயரில் கணக்குகளைத் திறந்தார்கள். 2016 செப்டம்பரில் வங்கி 18.5 கோடி டாலர் அபராதம் கட்டியது. சுமார் 5,300 பேர் வேலையிழந்தார்கள். 2020-ல் மேலும் 300 கோடி டாலர் கட்டி வழக்குகளைத் தீர்த்துக்கொண்டது. அந்த ஊழியர்கள் பிறவியிலேயே மோசடிக்காரர்கள் என்று நான் நம்பவில்லை. எண்ணிக்கை மட்டுமே பரிசாகவும் தண்டனையாகவும் இருந்த இடத்தில் எண்ணிக்கையைத் தயாரித்துக் கொடுத்தார்கள்.

உங்கள் மூன்று பேருக்கு நான் சிபாரிசு செய்வது இதுதான். ரூபாய்க் கணக்கில் டார்கெட் வைக்காமல், அந்த மாதம் பில் விழுந்த தனித்தனிக் கடைகளின் எண்ணிக்கைக்குப் பணம் கொடுங்கள். புதிய கடைக்கு முதல் பில்லுக்கு எதுவும் வேண்டாம். மூன்றாவது பில் விழும்போது 60 ரூபாய் கொடுங்கள். முதல் பில் அவருடைய பேச்சுத் திறமையால் விழுவது, மூன்றாவது பில் பொருள் விற்றதால் விழுவது. ரிட்டர்ன் வந்த சரக்கையும் வசூலாகாத பில்லையும் கழித்த பிறகே கணக்குப் போடுங்கள். கோடு போட்டு மொத்தமாகக் கொடுக்காமல் கடைக்கு இவ்வளவு என்று கொடுத்தால், மாதக் கடைசிக் கூத்து பெரும்பாலும் ஓய்ந்துவிடும். இன்னொன்று: கொடுப்பதாகச் சொன்ன தொகையை அடுத்த மாதம் 5-ஆம் தேதிக்குள் கையில் கொடுத்துவிடுங்கள். மூன்று மாதம் இழுத்துக் கொடுக்கும் 3,000 ரூபாயைவிட, சொன்ன நாளில் கொடுக்கும் 1,500 ரூபாய் மனிதரை நன்றாக ஓட வைக்கும். நடுவில் விதியை மாற்றாதீர்கள். ‘அவர் அதிகம் சம்பாதித்துவிட்டார்’ என்று விகிதத்தைக் குறைத்த முதலாளிகளிடம் நல்ல விற்பனையாளர் தங்கியதை நான் பார்த்ததில்லை.

வாங்குபவருக்கான பரிசில் நீங்கள் கவனிக்க வேண்டியது, உங்களுக்கு ஆகும் செலவுக்கும் அவர் கண்ணில் தெரியும் மதிப்புக்கும் உள்ள இடைவெளி. 10 ரூபாய் பாக்கெட்டில் ஒரு ரூபாய் குறைத்தால் உங்களுக்கும் ஒரு ரூபாய், அவருக்கும் ஒரு ரூபாய். போதாக்குறைக்கு, அடுத்த மாதம் 9 ரூபாய்தான் சரியான விலை என்று மனதில் பதிந்துவிடும். மொத்தமாக எடுத்தால் 6 அல்லது 7 ரூபாய்க்குக் கிடைக்கும் சிறு எவர்சில்வர் கரண்டி, பாத்திரக் கடையில் 15 ரூபாய். அரைக் கிலோ பொடியோடு அதைக் கொடுத்தால் விலை விலையாகவே நிற்கும். பரிசு தீர்ந்துபோனால் தீர்ந்துபோனதுதான், விலை ஏறியதாக யாரும் நினைக்க மாட்டார்கள். அந்தக் கரண்டி பொடி டப்பாவுக்குள்ளேயே கிடந்து தினமும் கைக்கு வரும் என்பதால், பிளாஸ்டிக் சாமானைவிட அதுவே பொருத்தம்.

மறுபடி மறுபடி வாங்க வைக்க வேண்டுமானால், காலி உறைகளைச் சேர்த்துக் கொடுத்தால் பரிசு என்ற முறை இன்னும் நல்லது, அதுவும் பெயிண்ட் டோக்கனைப் போலப் பயன்படுத்தியதற்கே கிடைக்கும் பரிசு. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அமெரிக்காவில் கார் கழுவும் நிலையம் ஒன்றில் நூனஸ், ட்ரெஸ் என்ற இரு பேராசிரியர்கள் செய்து 2006-ல் வெளியிட்ட சோதனை இது: பாதிப் பேருக்கு எட்டு முத்திரை சேர்த்தால் ஒரு முறை இலவசம் என்ற அட்டையைக் கொடுத்தார்கள். மறுபாதிப் பேருக்குப் பத்து முத்திரை வேண்டும் என்ற அட்டை, ஆனால் இரண்டு முத்திரை முன்பே குத்தியிருந்தது. இருவருக்கும் தேவைப்பட்டது எட்டுதான். முதல் அட்டையை முடித்தவர்கள் 19 சதவீதம், இரண்டாவதை முடித்தவர்கள் 34 சதவீதம். தொடங்கிவிட்டோம் என்ற உணர்வே மனிதரை இழுத்துச் செல்கிறது. நீங்களும் பத்துக் கட்டம் கொண்ட சிறு அட்டையை அச்சடித்து, முதல் இரண்டு கட்டத்தில் உங்கள் முத்திரையைக் குத்தியே கொடுங்கள்.

ஆனால் பரிசின் மதிப்பு பொருளின் மதிப்பைத் தாண்டிவிடக் கூடாது. 1992-ல் பிரிட்டனில், தூசி உறிஞ்சி விற்கும் ஹூவர் நிறுவனம், 100 பவுண்டுக்குப் பொருள் வாங்கினால் இரண்டு பேருக்கு அமெரிக்கா போய்வர இலவச விமானச் சீட்டு என்று அறிவித்தது. படிவங்களைப் பூர்த்தி செய்யும் சிரமத்தில் பெரும்பாலோர் விட்டுவிடுவார்கள் என்பது அவர்கள் கணக்கு. மக்கள் விடவில்லை. தேவையில்லாத தூசி உறிஞ்சியைச் சீட்டுக்காகவே வாங்கினார்கள். நிறுவனத்துக்கு ஏறத்தாழ 5 கோடி பவுண்டு செலவானது; வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன; 1995-ல் அதன் ஐரோப்பியப் பிரிவு இத்தாலியின் கேண்டி நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. பெரும்பாலோர் வந்து கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் எந்தப் பரிசையும் அறிவிக்காதீர்கள். எல்லோரும் கேட்டால் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டு, அதைத் தாங்க முடிந்தால் மட்டுமே அறிவியுங்கள்.

குலுக்கல் பரிசு வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. தமிழ்நாட்டில் 2003 ஜனவரி முதல் லாட்டரிக்குத் தடை இருக்கிறது. விற்பனையைப் பெருக்குவதற்காக நடத்தும் குலுக்கலையும் அதிர்ஷ்டப் போட்டியையும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறைகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்க, ஒரு சிறு பிழை என்ன செய்யும் என்பதற்குப் பிலிப்பைன்ஸ் நாட்டில் நடந்ததைச் சொல்லலாம். 1992 மே 25 அன்று பெப்சி நிறுவனம் பாட்டில் மூடிகளில் அச்சிட்ட எண்களில் 349-ஐ வெற்றி எண்ணாக அறிவித்தது. பரிசு 10 லட்சம் பெசோ வரை. அந்த எண் தவறுதலாகச் சுமார் 8 லட்சம் மூடிகளில் அச்சாகியிருந்தது. நிறுவனம் ஆளுக்கு 500 பெசோ தர முன்வந்தது; கோபம் தணியாமல் வண்டிகள் எரிந்தன, உயிர்களும் போயின. ஏழை வீட்டில் ஒரு மூடியைக் கையில் வைத்துக்கொண்டு இரவு முழுக்கக் கனவு கண்டவரிடம் மறுநாள் அச்சுப் பிழை என்று சொல்வதைவிடக் கொடுமை வேறில்லை. நிச்சயமாகக் கிடைக்கும் சிறு கரண்டியே மேல்.

வரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தள்ளுபடியைப் பில்லிலேயே காட்டினால் அதைக் கழித்த தொகைக்குத்தான் ஜி.எஸ்.டி.; விற்ற பிறகு கொடுக்கும் தள்ளுபடிக்குத் தனி நிபந்தனைகள் உண்டு. ஒன்றோடு ஒன்று இலவசம் என்பது ஒரே விலைக்குக் கொடுக்கும் இரண்டு பொருளாகவே கருதப்படும் என்று 2019 மார்ச் மாதச் சுற்றறிக்கை தெளிவுபடுத்தியது. பரிசாகவோ இலவச மாதிரியாகவோ தனியே கொடுப்பவற்றுக்கு, வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்ப எடுக்க முடியாது. கடைக்காரருக்கோ சமையல்காரருக்கோ அவர் தொழில் தொடர்பாக ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் பரிசுப் பொருளோ சுற்றுலாவோ கொடுத்தால் 10 சதவீத வரிப் பிடித்தம் உண்டு என்ற விதி 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உங்கள் தொகைகள் சிறியவை; இருந்தாலும் அறிவிப்பதற்கு முன் உங்கள் கணக்காளரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

எதைச் செய்தாலும் எல்லா 400 கடையிலும் ஒரே நேரத்தில் தொடங்காதீர்கள். கோபி, சத்தியமங்கலம் லைனில் (விற்பனையாளர் சுற்றிவரும் வழியில்) ஆணி முறையையும் முத்திரை அட்டையையும் வையுங்கள். பவானி, அந்தியூர் லைனை எப்போதும்போல விட்டுவிடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பரிசின் பலன். ஆடி மாதத்தில் இந்தச் சோதனை வேண்டாம், பவானி கூடுதுறைக் கூட்டமும் அந்தியூர் குருநாதசாமி கோவில் திருவிழாவும் ஒரு லைனை மட்டும் தூக்கிவிட்டு உங்கள் கணக்கைக் குழப்பிவிடும். சமையல்காரர் டோக்கனை மட்டும் ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்பே தயார் செய்யுங்கள்.

60,000 ரூபாயை நான் இப்படிப் பிரிப்பேன்: ஒரு லைனில் 100 கடைக்கு ஆணி வாடகையாக மூன்று மாதத்துக்கு 15,000, மூன்று விற்பனையாளர்களுக்குமாகச் சேர்த்து 18,000, முத்திரை அட்டைக்கும் கரண்டிக்கும் 12,000, சமையல்காரர்களுக்கு 10,000. மிச்சம் 5,000 ரூபாயை, மாதம் ஒரு முறை 30 கடைகளில் சரக்கை எண்ணி எழுத ஓர் ஆளுக்குக் கொடுங்கள். மாதத் தொடக்கத்தில் இருந்த சரக்கோடு அந்த மாதம் போட்ட சரக்கைக் கூட்டி, மாதக் கடைசியில் மிச்சமிருப்பதைக் கழித்தால், உங்கள் பொடி உண்மையில் எவ்வளவு வீடுகளுக்குப் போனது என்று தெரியும். விற்பனையாளரிடம் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள். பரிசு நிறுத்திய பிறகும் இரண்டு மாதம் அந்த எண்ணிக்கை தொடரட்டும். அந்த இரண்டு மாத எண்கள் வந்ததும் அதே நோட்டோடு மறுபடி கேளுங்கள். அடுத்த பரிசு எங்கே என்பதை அதை வைத்துப் பேசுவோம்.